எம்மாவின் கடன்சீட்டும் மாரியம்மாளின் வெயிலும்

குஸ்தாவ் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’யைக் காதல் நாவல், காதல் நாவல் என்று சொல்லிச் சொல்லியே அதில் வருகிற கடன்காரரை மறந்துவிட்டோம். காதலர்களில் ரொடோல்ஃபை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. லெயோனையும் பலருக்கு நினைவிருக்கிறது. துணி வியாபாரி லெரோவைக் கேட்டால் யோசிக்கிறார்கள். எம்மா பொவாரியைச் சாவின் வாசல்வரை கைப்பிடித்து நடத்திப் போனவர் அவர்தான். சால்வையை விரித்துக் காட்டுவார். விலை கேட்டால், அதற்கென்ன அவசரம் என்பார். பிறகு ஒரு கடன்சீட்டு வரும். தவணை தவறியதும் பழையதைக் கிழித்துவிட்டு வட்டியையும் சேர்த்துப் புதுச்சீட்டு எழுதுவார். கணவன் ஷார்லிடமிருந்து அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டால் வசதியாக இருக்குமே என்று யோசனை சொல்வதும் அவரே. கடைசியில் 8,000 ஃபிராங்குக்கு ஜப்தி உத்தரவு வருகிறது. எம்மா பழைய காதலனிடமும் புதிய காதலனிடமும் ஓடுகிறாள், பத்திரம் எழுதுகிற நோட்டரியிடமும் ஓடுகிறாள். யாரிடமிருந்தும் பணம் பெயரவில்லை. மருந்துக்கடைக்காரரின் சேமிப்பறைக்குப் போய் ஆர்செனிக்கை வாயில் போட்டுக்கொள்கிறாள்.

விருதுநகர் பஜாரில் நாலு வருஷம் குப்பை கொட்டியவருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. புரோநோட்டு, தவணை, வட்டிக்கு வட்டி எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருக்குப் புதிதாக இருக்கப்போவது எம்மாவின் ஆசைதான். கரிசல் மண்ணின் கதைகளை அந்த நாவலின் பக்கத்தில் வைத்துப் படிக்கிறபோது எனக்குப் பிடிபட்டதும் இதுதான். கடனும் கூலியும் வறட்சியும் நம் எழுத்தில் ஏராளம். அவற்றுக்கு நடுவே தனக்கென்று ஆசைப்படுகிற பெண் அபூர்வம். அப்படி ஒருத்தி வருகிற இடங்களை மட்டும் தொகுத்துப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் ஆசிரியரைப் பற்றிக் கொஞ்சம். ஃப்ளோபேர் 1821-இல் ரூவான் நகரில் பிறந்தார். அப்பா அந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை அறுவை மருத்துவர். வீடும் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே இருந்தது. பிள்ளையைச் சட்டம் படிக்கப் பாரிசுக்கு அனுப்பினார்கள். 1844-இல் வலிப்பு கண்டதோடு படிப்பு முடிந்தது. பிறகு சேன் ஆற்றங்கரையில் குருவாசே என்ற சிற்றூரில் அம்மாவோடு இருந்துகொண்டு, கல்யாணம் செய்துகொள்ளாமல், எழுதிக்கொண்டே இருந்தார். 1851 தொடங்கி 1856 வரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இந்த ஒரே நாவல். ரி என்ற கிராமத்தில் தெல்ஃபின் தெலமார் என்ற வைத்தியர் மனைவி 1848-இல் இறந்துபோனாள். அவள் கதையே இதற்கு விதை என்பது பரவலான கருத்து. நாவல் 1856 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘ரெவ்யூ த பாரி’ இதழில் தொடராக வந்தது. பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் இழுக்கு என்று அரசு வழக்குப் போட்டது. 1857 பிப்ரவரி 7 அன்று விடுதலை. அதே அரசு வழக்கறிஞர் எர்னஸ்ட் பினார் அந்த ஆண்டிலேயே போத்லேரின் கவிதைத் தொகுதிமீதும் வழக்கு நடத்தினார். அதில் ஜெயித்தார், ஆறு கவிதைகளை நீக்க வேண்டியதாயிற்று. ஃப்ளோபேரின் நாவல் புத்தகமானபோது பதிப்பாளர் மிஷேல் லெவி ஐந்து ஆண்டு உரிமைக்குக் கொடுத்த தொகை 800 ஃபிராங்க். கதைக்குள்ளே எம்மா பட்ட கடனில் பத்தில் ஒரு பங்கு. எழுத்தாளர்கள் கற்பனையில்தான் தாராளமாகச் செலவு செய்கிறார்கள்.

காதலால் கெட்டுப்போனவர்களின் கதை பிரான்சில் ஒரு நீண்ட வரிசை. 1731-இல் பிரெவோ எழுதிய ‘மனோன் லெஸ்கோ’, பிறகு கோன்ஸ்தானின் ‘அதோல்ஃப்’, மெரிமேயின் ‘கார்மென்’, இளைய துய்மாவின் கமேலியாப் பூ சூடிய சீமாட்டி. இவற்றில் பெரும்பாலும் கெடுவது ஆண், கெடுப்பது பெண். நமக்கும் இது பழக்கமான ஏற்பாடு. கோவலன் கைப்பொருளைத் தொலைத்துவிட்டுச் சிலம்பு விற்க மதுரைக்குப் புறப்பட்டவன்தானே. ஃப்ளோபேர் அந்த ஏற்பாட்டைப் புரட்டிப்போட்டார். பெண்ணின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு, அவளைப் புனிதப்படுத்தாமலும் திட்டாமலும் எழுதினார். பின்னால் தல்ஸ்தோயின் அன்னா வந்தாள், ஜெர்மனியில் ஃபோந்தானேயின் எஃபி வந்தாள். இந்தியில் கேதன் மேத்தா 1993-இல் ‘மாயா மேம்சாப்’ எடுத்தார். தமிழில் இந்தப் பக்கம் நெருங்கி வந்தவர் தி. ஜானகிராமன். ‘மோகமுள்’ளும் ‘அம்மா வந்தாள்’ளும் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாவல்கள். சங்கீதம், திண்ணை, வெற்றிலைச் செல்லம், முடிவில்லாத மத்தியானம் எல்லாம் அவற்றில் உண்டு.

எம்மாவின் நோய் சலிப்பு. சலிப்புக்கு ஓய்வு வேண்டும். தஞ்சாவூரில் அது இருந்தது. கரிசலில் எங்கே இருந்தது? மானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் மிளகாயும் மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1940களில் பட்டாசு வேரூன்றியது. அச்சும் கூடச் சேர்ந்து வளர்ந்தது. அதற்குப் பிறகு பெண்களின் பொழுது கட்டைக்கும் குச்சிக்கும் போய்விட்டது. வீட்டில் இருந்தால் பெட்டி ஒட்டவேண்டும், வெளியே போனால் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கவேண்டும், அல்லது பயர் ஆபீசில் திரி வெட்டிச் சரம் பின்னவேண்டும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஜன்னலோரம் உட்கார்ந்து பெருமூச்சு விட்டால் அன்றைக்கு எண்ணிக்கை குறையும்.

ஓய்வில்லாத இடத்தில் மோகமும் இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது எளிது. அது தவறு என்பதற்கு இந்த விருதுநகர் மாவட்டத்திலேயே பழைய சாட்சி இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைச் சொல்கிறேன். எட்டாம் நூற்றாண்டா ஒன்பதா என்பது ஆராய்ச்சியாளர் தகராறு. ‘திருப்பாவை’ முப்பது பாட்டும் மார்கழியில் ஊரெங்கும் ஒலிக்கிறது. ‘நாச்சியார் திருமொழி’ 143 பாட்டில் பெரும்பாலும் கல்யாணக் கனவுப் பத்து மட்டும் கல்யாணங்களில் ஒலிக்கிறது. மற்றவற்றைக் கோயிலுக்கு வெளியே அவ்வளவாகப் பாடுவதில்லை. ஏன் என்று படித்தவர்களுக்குத் தெரியும். காமனைத் தொழுது தொடங்குகிற நூல் அது. தன் உடம்பை, அதன் தவிப்பை, அது மனிதனுக்குப் போனால் உயிர் தரியாத பிடிவாதத்தை, ஒளிக்காமல் பேசுகிறது. தன் மார்பைப் பற்றிப் பேசுகிறபோது அவள் குரலில் கூச்சமில்லை, கோபம் இருக்கிறது.

ஃப்ளோபேரின் எம்மாவும் பக்தியில்தான் தொடங்குகிறாள். பதின்மூன்று வயதில் கன்னிமாடத்தில் சேர்க்கிறார்கள். பிரசங்கத்தில் மணமகன், கணவன், விண்ணுலகக் காதலன், முடிவற்ற திருமணம் என்று உவமைகள் வரும்போதெல்லாம் அவள் உள்ளே என்னவோ அசைகிறது என்று எழுதுகிறார் ஆசிரியர். சாகும் தறுவாயில் சிலுவையை முத்தமிடுகிற இடத்திலும் அதே கலப்பு வருகிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞரைக் கொதிக்கவைத்தது கள்ளக்காதலைவிட இந்தக் கலப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தெய்வத்துக்கு உரியதும் உடம்புக்கு உரியதும் ஒரே மூச்சில் வந்தால் நீதிமன்றத்துக்குப் பொறுக்கவில்லை. நம் ஊரில் அதே கலப்பு பாசுரமாகிக் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அப்படியானால் நாம் தாராள மனசுக்காரர்கள் என்று மார்தட்டிக்கொள்ள வழியில்லை. 2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் தினமணி ஏற்பாடு செய்த கூட்டத்தில் வைரமுத்து ஆண்டாள் பற்றிக் கட்டுரை வாசித்தார். அதில் எடுத்தாண்ட ஓர் ஆய்வாளரின் கூற்றை முன்னிட்டுப் பெரிய கொந்தளிப்பு. போராட்டம் நடந்தது, அவர் வருத்தம் தெரிவித்தார், காவல் நிலையத்தில் வழக்கும் பதிவானது. சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் கூற்று சரியா தவறா என்பதை விட்டுவிடுவோம். ஆண்டாளே எழுதியதைப் பற்றிப் பேச்சு போகவில்லை என்பதுதான் எனக்குக் குறை. அவள் யார், யார் மகள் என்பதில் எல்லோருக்கும் அக்கறை இருந்தது. அவள் கேட்டது என்ன என்பதில் யாருக்கும் இல்லை.

இதே மாவட்டத்தில் அவளுக்கு எதிர்த்திசையில் இன்னொருத்தி. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷப் பஞ்சம். ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவளை அண்ணி மூளி அலங்காரி விரட்ட, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தாள். தெருக்கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் சினிமாவிலும் இந்தக் கதைக்கு இருந்த செல்வாக்கு சொல்லி முடியாது. பெண்ணின் அழிவு என்றால் கரிசலுக்கு முதலில் நினைவு வருவது இதுதான். இதில் மோகம் இல்லை, பசி இருக்கிறது. ஆண்டாளின் வேட்கையா, நல்லதங்காளின் பசியா என்று பார்த்தால், நவீன கரிசல் எழுத்து பசியின் பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததற்கு நியாயமும் இருந்தது.

கி. ராஜநாராயணனில் தொடங்குவது முறை. அவர் ஊரான இடைசெவல் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் கரிசல் மாவட்ட எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. விருதுநகர் மாவட்டமே 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்ததுதான். கி.ரா.வின் ‘கன்னிமை’ கதையில் நாச்சியார் கல்யாணத்துக்கு முன் அள்ளிக் கொடுக்கிறவள், வேலைக்காரர்களுக்கும் வீட்டாருக்கும் தெய்வம் மாதிரி. கல்யாணத்துக்குப் பின் கணக்குப் பார்க்கிறவளாக மாறிவிடுகிறாள். முதல் பாதி அண்ணன் சொல்கிறான், இரண்டாம் பாதி கணவன் சொல்கிறான். எம்மாவுக்கு நேர் தலைகீழ். எம்மா கல்யாணத்துக்குப் பிறகுதான் கணக்கை மறந்தாள். கி.ரா.வின் கதை அற்புதமானது, சந்தேகமில்லை. ஆனால் நாச்சியார் ஏன் மாறினாள் என்று அவளைக் கேட்கிறவர் கதையில் யாருமில்லை. இரண்டு ஆண்கள் மாறி மாறி வியக்கிறார்கள், வருந்துகிறார்கள்.

கோணங்கியின் ‘மதினிமார்கள் கதை’ வேறு வாசல். ஊரில் கல்யாணமான பெண்களெல்லாம் ஒரு பையனுக்கு மதினி. கேலியும் தொடலும் கொஞ்சலும் அந்த ஒரு முறைக்குள் நடக்கின்றன. உறவுமுறை ஒரு பக்கம் வேலி, இன்னொரு பக்கம் வாசல். காமத்தைக் கரிசல் இவ்வளவு மெல்லப் பேசியது அபூர்வம். ஆனாலும் அது பையன் திரும்பிப் பார்க்கிற ஏக்கம். மதினிமார்கள் அவன் நினைவில் நிற்கிறார்கள், அவர்களுடைய நினைவில் யார் நிற்கிறார்கள் என்று கதை போகவில்லை. எஸ். ராமகிருஷ்ணன் மல்லாங்கிணறுக்காரர். அவருடைய ‘உறுபசி’யில் சம்பத் தன் வேட்கைகளால் சின்னாபின்னமாகிறான். ஆண் கெடுகிற பழைய வரிசையில் வைக்கத்தக்க நல்ல நாவல். மேலாண்மை பொன்னுச்சாமியின் உலகில் மோகத்துக்கு இடமே கிடையாது. சம்சாரி, கூலி, மழை, மானம். 2008-இன் சாகித்திய அகாதெமி விருது பெற்றவரை இதற்காகக் குறை சொல்வது பனைமரத்தில் மாங்காய் தேடுவது.

இந்த நிலப்பரப்பில்தான் ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ வந்தது. அவர் கோணங்கியின் அண்ணன். அறிவொளி இயக்கத்தில் ஊர் ஊராகப் போனவர், தொழிற்சங்கக்காரர். கூலி உயர்வு பற்றிய கதையைத்தான் அவரிடம் எதிர்பார்ப்போம். அவர் எழுதியது காதல் கதை.

மாரியம்மாளுக்குத் தங்கராசு மச்சான் என்றால் உயிர். முறைமாமன் மகன், சின்ன வயதிலிருந்து அவனுக்கென்றே வளர்ந்த பிள்ளை. அவனோ வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். இவளையும் வேறொருவனுக்குக் கொடுத்தாயிற்று. ஊர்ப் பொங்கலுக்கு மச்சானும் பெண்டாட்டியும் வருவார்கள் என்று, கொதிக்கிற வெயிலில் பிறந்த ஊருக்கு நடக்கிறாள். அவர்களைப் பார்க்க, இரண்டு பேரும் சந்தோஷமாக இருப்பதைப் பார்க்க. அங்கே போனால் அவன் சந்தோஷமாக இல்லை. அது தெரிந்ததும் அவள் அழுகிறாள். அழுகை நிற்கவேயில்லை. அவ்வளவுதான் கதை, சில பக்கம்.

சசி இதை ‘பூ’ என்று 2008-இல் படமாக்கினார். மாரியாகப் பார்வதி நடித்தார். படத்தில் மாரி பட்டாசு ஆலையில் வேலை செய்கிறாள். நல்ல சேர்க்கை இது. மருந்து வாடையும் வெள்ளிப்பொடி படிந்த கையுமாக வேலை பார்க்கிற பெண்ணின் தலைக்குள் மச்சான் ஒருவன் நடமாடிக்கொண்டிருக்கிறான் என்பதை அந்தப் படம் கூச்சமில்லாமல் காட்டியது. எம்மா கனவு காண்பதற்கு ஓய்வு வேண்டியிருந்தது. மாரிக்கு வேண்டியிருக்கவில்லை. சரம் பின்னுகிற கை தன் பாட்டுக்குப் பின்னும். மனசு அதற்குக் கூலி கேட்காமல் வேறெங்கோ போய்வரும். எண்ணிக்கைக் கூலி பெருமூச்சைத் தடுக்கும் என்று மேலே சொன்னேனே, அது உடம்புக்குத்தான் பொருந்தும்.

இங்கே எம்மாவையும் மாரியையும் அருகருகே நிறுத்தலாம். இரண்டு பேருக்கும் கணவன்மார்கள் நல்லவர்கள். ஷார்ல் அசடு, ஆனால் மனைவிமேல் கொள்ளைப் பிரியம். மாரியின் கணவனும் அவளைத் தாங்குகிறவன். இரண்டு பேர் கனவிலும் வேறொருவன். ஆனால் எம்மா கேட்பது தனக்கு. மாரி கேட்பது மச்சானுக்கு. தான் கிடைக்காவிட்டாலும் அவன் நன்றாக இருக்கவேண்டும் என்பதே அவள் ஆசையின் முழுநீளம். வாசகர்களை அழவைப்பது இந்தத் தன்னலமின்மை. எனக்கும் முதலில் கண் கலங்கியது. பிறகு ஒரு சங்கடம் ஏற்பட்டது. ஆண் எழுத்தாளர்கள் பெண்ணின் மோகத்தை நமக்குத் தாங்கக்கூடியதாக்க அதைத் தியாகத்தில் தோய்த்துத் தருகிறார்களோ? தமிழ்ச்செல்வன்மீது இதை முழுப் புகாராக வைக்கமுடியாது. ஏனென்றால் அந்த அழுகையில் மச்சானுக்காக அழுவது எவ்வளவு, வீணாகக் கொடுத்துவிட்ட தன் வாழ்க்கைக்காக அழுவது எவ்வளவு என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. கதையின் பலமே அங்கேதான். படம் அதைப் பிரித்துச் சொல்லிவிட்டதோ என்று தோன்றுகிறது. சினிமாவுக்கு விளக்கம் தேவைப்படுகிறது.

‘பூ’வுக்கு இரண்டு ஆண்டு முந்தியது வசந்தபாலனின் ‘வெயில்’ படம். அவர் விருதுநகர்க்காரர். எம்.ஜி.ஆர். படம் பார்க்கத் திருட்டுத்தனமாகப் போன சிறுவனை அப்பா வெயிலில் அம்மணமாகத் தண்டிக்கிறார். அவன் ஓடிப்போகிறான். வேறொரு ஊரில் தியேட்டர் ஆபரேட்டராகி, தங்கத்தை நேசிக்கிறான். வேறு மாப்பிள்ளை பார்த்ததும் தங்கம் உயிரை விடுகிறாள். தியேட்டரும் மூடப்படுகிறது. ரூவான் ஆப்பராவில் எம்மா மேடைப் பாடகனைப் பார்த்துத் தன் வாழ்க்கை வேறாக இருந்திருக்கலாமே என்று உருகுகிற காட்சி நாவலின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. அன்று இரவே லெயோனை மறுபடி சந்திக்கிறாள், சரிவு தொடங்குகிறது. நாடகக் கொட்டகையும் சினிமாக் கொட்டகையும் ஆசையை ஊதிவிடுகிற உலைகள் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே அனுபவம். ‘வெயில்’ படத்துக்கு 2006-இன் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ஆனால் அங்கும் அழிவது ஆண். தங்கம் அவன் அழிவுக்குக் காரணமாக வந்து, நடுவில் போய்விடுகிறாள்.

எம்மா எதைப் பார்த்து ஏங்கினாள் என்று ஃப்ளோபேர் விவரமாகவே எழுதியிருக்கிறார். கன்னிமாடத்துக்குத் துணி தைக்க வந்த முதிர்கன்னி ஒருத்தி தன் பையில் காதல் நாவல்களை ஒளித்துக் கொண்டுவந்து தருவாள். அதோடு படப்புத்தகங்கள், பட்டுப் பைண்டு செய்து பரிசாகக் கிடைப்பவை. மெல்லிய தாளை ஊதி நீக்கினால் மாடத்தில் நிற்கிற காதலர்கள், நிலவு, அன்னம், சுல்தான். அச்சுத்தான் எம்மாவைக் கெடுத்தது என்று ஓர் அளவுக்குச் சொல்லலாம்.

சிவகாசி அந்த அச்சை ஏற்றுமதி செய்கிற ஊர். கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் சீடர்களும் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் சிவகாசி மெஷின்களில் ஏறி நாடெங்கும் சுவரில் தொங்கினார்கள். பிறகு நடிகைகள் வந்தார்கள், பனிமலை வந்தது, மஞ்சத்தில் சாய்ந்த ராதை வந்தாள். கல்யாணப் பத்திரிகை, வாழ்த்து அட்டை, தீப்பெட்டி லேபிள், வெடிப் பெட்டியின் மேல் சிரிக்கிற பெண். நாட்டின் பாதிப்பேருடைய ஆசைக்குப் படம் போட்டுக் கொடுத்த ஊர் இது. அந்தத் தாளை மடித்து ஒட்டுகிற பெண் அந்தப் படத்தை எப்படிப் பார்த்தாள் என்று ஒரு நாவல் எழுதியிருக்கவேண்டும். எம்மா பார்த்த படம் தோழிகளுக்குப் பரிசாகக் கிடைத்தது. இவளுக்கு அது கட்டுக்கட்டாக முன்னால் வந்து விழுகிறது.

ஃப்ளோபேர் தம் நாவலில் தொழிலாளிப் பெண்களைப் பார்க்காமல் விடவில்லை. இரண்டு இடத்தில் பார்க்கிறார், இரண்டும் ஓரிரு பக்கம்தான். ஒன்று விவசாயக் கண்காட்சி. மேலே நகரமன்ற அறையில் ரொடோல்ஃப் எம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விதி, ஈர்ப்பு என்று அளக்கிறான். கீழே மேடையில் எருவுக்கும் பன்றிக்கும் பரிசு அறிவிக்கிறார்கள். அப்போது காத்தரின் லெரூ என்ற கிழவி மேடை ஏறுகிறாள். ஒரே பண்ணையில் 54 ஆண்டு வேலை செய்ததற்கு 25 ஃபிராங்க் மதிப்புள்ள வெள்ளிப் பதக்கம். களஞ்சியத் தூசியும் சலவைக் காரமும் கம்பளிப் பிசுக்கும் தின்ற கைகள், எவ்வளவு கழுவினாலும் அழுக்காகத் தெரிகிற கைகள். பதக்கத்தைப் பாதிரியாருக்குக் கொடுத்துப் பூசை வைக்கச் சொல்லப்போவதாக முணுமுணுத்துக்கொண்டு போகிறாள். உலக நாவலில் கூலிப் பெண்ணின் கையை இப்படிப் பார்த்த பக்கம் அதற்கு முன் அதிகம் இல்லை. ஆனால் காத்தரினுக்கு ஆசை எதுவும் உண்டா என்று ஆசிரியர் கேட்கவில்லை. ஆசையெல்லாம் மாடியில் இருந்தது.

இன்னொன்று கடைசிப் பக்கம். எம்மா போனாள், ஷார்லும் போனான். எல்லாம் விற்று மிச்சம் பன்னிரண்டு ஃபிராங்கு சொச்சம். மகள் பெர்த்தைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பாட்டியும் அந்த வருஷமே போய்விடுகிறாள். ஏழைச் சித்தி ஒருத்தி பெர்த்தைப் பஞ்சாலைக்கு அனுப்புகிறாள், தன் சோற்றைத் தானே சம்பாதிக்க. அடுத்த பத்தியில் மருந்துக்கடை ஓமேக்கு அரசு விருது. நாவல் முடிந்தது. ரூவான் பக்கம் அன்று பஞ்சாலைகள் நிறைந்த பகுதி. பிரான்சில் 1841-இல் சட்டம் வந்திருந்தது. இருபது பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலைகளில் எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாது, பன்னிரண்டு வரை எட்டு மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. சட்டம் தாளில் இருந்தது.

நமக்கும் 1986-இல் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா சிவகாசித் தீப்பெட்டிப் பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றம் போய், 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பிள்ளையை வேலைக்கு வைத்தால் தலைக்கு 20,000 ரூபாய் நிதிக்குக் கட்டவேண்டும் என்றது. இடைப்பட்ட காலத்தில் விடியுமுன்னே ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன பஸ்களை இந்தப் பக்கத்தில் நடுத்தர வயதுக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தை 1990-இல் எடுத்தார். பூமணி எழுதி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ தீப்பெட்டி ஆபீசுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற வீட்டின் கதை. ‘பிறகு’, ‘வெக்கை’, 1899 சிவகாசிக் கலவரம் வரை போகிற ‘அஞ்ஞாடி’ எல்லாம் எழுதியவர் கேமரா பிடிக்கப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஃப்ளோபேர் ஒரு வாக்கியத்தில் முடித்த இடத்தில்தான் இவர்களின் வேலை தொடங்கியது. பெர்த் பஞ்சாலைக்குள் போன பிறகு என்ன ஆனாள் என்பதே கரிசல் இலக்கியம் என்று சொன்னால் அது மிகையாகாது.

தீப்பெட்டியில் பிள்ளைகள் குறைந்தார்கள். பட்டாசில் பெண்கள் இருக்கிறார்கள், விபத்தும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடித்ததில் செத்தவர்கள் முப்பதுக்கும் மேல். இப்படி ஒவ்வொரு முறையும் செய்தி வரும், நிவாரணத் தொகை வரும், புகைப்படம் வரும். செத்தவர்களுக்குக் குடும்பம் இருந்தது, கடன் இருந்தது, எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் வரும். மனசில் என்ன இருந்தது என்று நிருபர் கேட்கமுடியாது. அது புனைகதையின் வேலை.

கரிசல் உரைநடைமீது என் வாதம் இங்கேதான் போய் நிற்கிறது. காத்தரின் லெரூவையும் பெர்த்தையும் நாயகிகளாக்கியது பெரிய சாதனை. ஐரோப்பிய நாவல் ஓரத்தில் நிறுத்தியவர்களை இவர்கள் நடுவீட்டில் உட்காரவைத்தார்கள். ஆனால் உட்காரவைத்தபோது எம்மாவின் ஒரு குணத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சுயநலத்தைச் சொல்கிறேன். கரிசல் கதையில் பெண் பிள்ளைக்காகப் பசியோடு கிடப்பாள், மச்சானுக்காக அழுவாள், குடும்பத்துக்காகக் கணக்குப் பார்ப்பாள். தனக்காக ஒரு சால்வையைக் கடனுக்கு வாங்கமாட்டாள். நிஜத்தில் வாங்குகிறாள். தீபாவளி போனஸ் வருமுன்னே தவணையில் சேலையும் செல்போனும் வாங்குகிறாள். குழுக்கடன் போட்டுக் கொலுசு வாங்குகிறாள், வாரத் தவணைக்கு ஆள் வந்ததும் பக்கத்து வீட்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள். செல்போனில் யாரோ ஒருவனோடு இரவு பேசிக்கொண்டிருக்கிறாள். அவளை எழுதினால் தொழிலாளி வர்க்கத்துக்கு இழுக்கு என்ற பயம் முற்போக்கு எழுத்தில் இருந்தது. குடும்பத்துக்கு இழுக்கு என்ற பயம் மற்றவர்களிடம் இருந்தது. பாரிஸ் நீதிமன்றத்தில் பினார் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

இன்னொன்றும் உண்டு. இந்த நிலத்தில் காதலால் கெடுகிறவர்களில் பலர் தன் கையால் கெடுவதில்லை. சாதி மாறிக் காதலித்தால் அப்பனும் அண்ணனும் ஊரும் சேர்ந்து முடித்துவிடுகிறார்கள். எம்மாவை நார்மண்டியில் யாரும் வெட்டவில்லை. ஊர் புறம் பேசியது, அவ்வளவுதான். ஃப்ளோபேர் மாதிரி அமைதியாக, உள்மனசை மட்டும் துழாவிக்கொண்டு இங்கே நாவல் எழுதுவது கஷ்டம். வெளியே அரிவாள் இருக்கிறது. அதை எழுதாமல் உள்மனசை எழுதினால் பொய். அதை மட்டும் எழுதினால் பெண் மறுபடியும் செய்தி ஆகிவிடுகிறாள், நல்லதங்காள் ஆகிவிடுகிறாள்.

நான் எதிர்பார்க்கிற நாவலை எழுதப்போகிறவர் அநேகமாகப் பயர் ஆபீசில் வேலை செய்த பெண்ணின் மகளாக இருப்பார். திருத்தங்கல்லிலோ வெம்பக்கோட்டையிலோ படித்து, கல்லூரி போனவர். அம்மாவின் கதையை அம்மாவின் தியாகமாக எழுத அவருக்குப் பொறுமை இருக்காது. அம்மாவுக்குப் பிடித்த நடிகர் யார், அம்மா யாரிடம் கடன் வாங்கினாள், எதற்காக வாங்கினாள், எதை அப்பாவிடம் மறைத்தாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு முன்னோடி வேண்டுமென்றால் ரூவானுக்குப் போகத் தேவையில்லை. ‘நாச்சியார் திருமொழி’யில் கல்யாணப் பத்தைத் தாண்டி மீதியைப் படித்தால் போதும். தனக்கு வேண்டும் என்று கேட்பது எப்படி என்று பன்னிரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஒருத்தி எழுதிவைத்திருக்கிறாள்.